பதினொரு பேருக்கு விலாசமாக இருந்த வீடு

தம்பி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இப்போது நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். தொரினோவில் இருந்துகொண்டு ஒரே நாளில் ஐந்து பேருக்குப் போன் எடுத்து அம்மாவுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற அளவுக்கு உனக்குத் தெம்பு இருக்கிறதென்றால், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றுதானே அர்த்தம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த என்னைக் கோயில் வாசலிலேயே மறித்துக்கொண்டார்கள். முன்னுக்குச் சூசை அண்ணை, அவருக்குப் பின்னால் மற்ற நான்கு பேர். "தங்கச்சி, பெடியன் போனிலை அழுறான். வீட்டை வித்துப்போட்டு வானுக்கை இருந்து ஊர் ஊராத் திரியப் போறியளாமே? இந்த வயசிலை உங்களுக்கு இது தேவையோ?" என்று சூசை அண்ணை கேட்டார். சுற்றி நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. உன் அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் எரிந்தது. கோயில் வாசல் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூட மாட்டேன்.

போனில் உன்னோடு கதைத்துப் பயனில்லை. மூன்றாவது வசனத்தில் "சரி மம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை தவறாமல் கோயில் மண்டபத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டுபோய்த் தமிழ் படிக்க வைத்ததற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். ஆறுதலாக வாசி. நான் திட்டுகிற ஒரு சொல்லும் வீணாகக் கூடாது.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ ஆட்களுக்குச் சொன்ன கதையில் பாதிதான் இருக்கிறது. பலெர்மோவில், கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், நீ பிறந்து வளர்ந்த வீட்டை நாங்கள் விற்கிறோம். பழைய காம்பர் வான் ஒன்று வாங்கிவிட்டோம். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கையைக் காலை நீட்ட முடியாத ஒரு கழிவறை. இனி அதுதான் எங்கள் வீடு. உன் அப்பா ஓய்வு எடுத்துவிட்டார். நான் கடைசியாக வீட்டோடு பராமரித்துக்கொண்டிருந்த வயதான சிஞ்ஞோராவும் போன மாரியில் கண்ணை மூடிவிட்டார். எங்களை இந்த ஊரில் பிடித்து வைத்திருக்க இனி ஒன்றும் இல்லை. கால் நடக்கிற வரைக்கும் கண் தெரிகிற வரைக்கும் போகப் போகிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை நொத்தாரிசு முன்னால் கையெழுத்து. வாங்குகிறவர் வைத்திருக்கிற நிபந்தனை ஒன்றுதான்: கொமூனேயில், அந்த நகரசபையின் குடியிருப்புப் பதிவில், இந்த விலாசத்தில் ஒருவருடைய பெயரும் இருக்கக் கூடாது. எங்கள் இருவருடைய பெயரையும் மாற்ற ஏற்பாடு செய்தாயிற்று. மிச்சம் இருப்பது உன்னுடைய பெயர். ஒன்பது வருடமாக நீ தொரினோவில் குடியிருக்கிறாய், பதிவு மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கிறது. அதை மாற்று என்று மூன்று மாதமாகக் கேட்கிறேன். முதலில் நேரமில்லை என்றாய். பிறகு மறந்துவிட்டேன் என்றாய். இப்போது மாற்ற மாட்டேன் என்கிறாய்.

அதோடு விட்டாயா? "அம்மா, உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ? காம்பர் எண்டால் என்னெண்டு தெரியுமோ? இஞ்சத்தை ஆக்கள் ஒகஸ்ரிலை ரெண்டு கிழமை போற விளையாட்டு அது. கக்கூஸ் தொட்டியை நீங்கள்தான் கழட்டிக் கொண்டுபோய் ஊத்தவேணும்" என்று வாய் கூசாமல் எனக்குச் சொன்னாய். எனக்குத் தெரியாதாம்! நீ ஏழு, எட்டு, ஒன்பது வயதாக இருந்தபோது, மூன்று ஒகஸ்ட் மாதம் உன்னை அப்பாவோடு விட்டுவிட்டு நான் எங்கே போனேன் என்று நினைக்கிறாய்? லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில் அப்போது நான் வேலை செய்த குடும்பம் காம்பரில் கடற்கரை கடற்கரையாகப் போகும். நடக்க மாட்டாத கிழவியையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். கிழவியைக் கழுவித் துடைக்க என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தத் தொட்டியை ஒவ்வொரு நாளும் கழற்றிச் சுமந்து ஊற்றிக் கழுவியவள் நான்தான். ஆறு பேருடைய தொட்டி. இனி எங்கள் இரண்டு பேருடையதைச் சுமக்கிறது எனக்கு ஒரு வேலையா?

சிசிலியைச் சுற்றியிருக்கிற கடலில் பாதியை நான் அந்த மூன்று வருடத்தில் பார்த்துவிட்டேன், எல்லாம் கோப்பை கழுவுகிற இடத்துக்கு மேலே இருந்த சின்ன யன்னலால். ஒரு மத்தியானம் எல்லோரும் குளிக்க இறங்கிவிட்டார்கள். கிழவி என்னைப் பார்த்து, "நீயும் போய்க் காலை நனைத்துவிட்டு வா, பத்து நிமிடத்தில் நான் செத்துவிட மாட்டேன்" என்றார். போனேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் தொடாததுமாக, கிழவியின் மகள் கடலுக்குள் இருந்தபடியே "அம்மாவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறது?" என்று கேட்டாள். திட்டவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த அன்று நீ கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, கடல்லை குளிச்சனீங்களோ?" என்று கேட்டாய். "ஓம் ராசா, ஆசை தீரக் குளிச்சன்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை உண்மையாக்க எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. அதற்குப் பெயர் விசர் என்றால், ஓம், எனக்கு விசர்தான்.

உன் அப்பாவைப் பார். லிபெர்த்தாவில் அந்தப் பெரிய மாடிவீட்டு வாசலில், கண்ணாடி அறைக்குள், இருபத்திரண்டு வருடம் காவலாளாகக் குந்தியிருந்த மனிதன். ஒவ்வொரு கோடைக்கும் மற்றவர்களுடைய பெட்டிகளைக் கார்களில் ஏற்றிவிட்டு, கேற்றைத் திறந்துவிட்டு, நல்லபடி போய்வாருங்கள் என்று சிரித்துக்கொண்டு கையைக் காட்டியவர். எங்கே போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து அந்த இடம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுவார். போன வருடச் சித்திரையில் ஒரு நாள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று "இஞ்சாரும், நாங்களும் ஒருக்காப் போவமோ?" என்று கேட்டார். கலியாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் அந்த மனிதன் தனக்கென்று வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். சூசை அண்ணை மறித்த அன்று பின்னேரம் அதே மேசையில் இருந்துகொண்டு, "பெடியனுக்கு விருப்பமில்லையெண்டால் விடுவமோ?" என்றார். வரைபடத்தை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் உன்மேல் எனக்கு இந்தக் கோபம் வந்தது. என்னை விசரி என்று சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நீ சொன்ன அடுத்த காரணம் வெட்கம். "வீடில்லாத ஆக்கள் எண்டு உங்களைப் பதியப் போறாங்கள். ஸ்தேஷனிலை படுக்கிற ஆக்களைப் பதியிற மாதிரி. என்ரை தாய் தகப்பனுக்கு இது என்ன நிலை எண்டு சனம் கேக்காதோ?" என்றாய். உண்மைதான். நிலையான வீடு இல்லாதவர்களுக்கென்று கொமூனே காகிதத்தில் மட்டும் ஒரு தெரு வைத்திருக்கிறது. நடந்துபோய்த் தேடினால் அகப்படாத தெரு. இனி எங்கள் விலாசம் அதுதான். ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலில் மட்டையை விரித்துப் படுக்கிற மனிதனும் நானும் ஒரே தெருக்காரர் ஆகப் போகிறோம். ஆகட்டும். மன்னாரிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் காகிதத்தில் நான் எத்தனை பெயர் எடுத்திருக்கிறேன் தெரியுமா? இடம்பெயர்ந்தவள், முகாமில் இருப்பவள், அகதி, இங்கே தங்குவதற்கான பெர்மெசோ முடிந்தவள். அதெல்லாம் யாரோ துரத்த எனக்குக் கிடைத்த பெயர்கள். இந்த முறை நானே வீட்டைப் பூட்டி, திறப்பை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். இதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது என்று உன் சனத்தைக் கேட்டு எழுது.

ஆனால் போனை வைப்பதற்கு முன் கடைசியாக ஒன்று சொன்னாய். "அது என்ரை வீடு. என்ரை பேர் அங்கை இருக்கட்டும்" என்றாய். மற்றதற்கெல்லாம் எனக்கு உடனே பதில் வந்தது. இதற்கு வரவில்லை. பொய் எழுத மாட்டேன், இதற்கு இன்னும் சரியான பதில் இல்லை. ஏனென்றால் அந்த வீடு உன்னுடையதாக ஒரு நாளும் இருந்ததில்லை, அதற்குக் காரணம் நான்தான்.

புதிதாக வந்து இறங்குகிற ஆளுக்கு முதலில் வேண்டியது சோறல்ல, விலாசம். விலாசம் இல்லாவிட்டால் பெர்மெசோ இல்லை, பெர்மெசோ இல்லாவிட்டால் வேலை இல்லை. அதனால் எங்கள் மன்னார்த் தீவுப் பக்கத்து ஆட்கள் யார் பலெர்மோவில் கால் வைத்தாலும் நேராக எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். நான் ஒருவரையும் இல்லை என்று அனுப்பவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன். வந்தவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் இருந்துவிட்டு வேறிடம் போவார்கள், பெயரை மட்டும் எடுக்க மாட்டார்கள். குடியுரிமை கேட்க வேண்டுமென்றால் பத்து வருடம் இடைவெளியில்லாமல் பதிவு இருக்க வேண்டும், விலாசம் மாற்றப்போய் அது எங்கேயாவது அறுந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படியே எங்கள் மூவரையும் தவிரப் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். கீழ்வாசல் மணிப் பலகையில் இடமில்லாமல் பெயர்களைத் துண்டுத் துண்டாக ஒட்டி வைத்திருந்தோம். "சிஞ்ஞோரா, இது வீடு இல்லை, இன்னொரு கொமூனே" என்று தபால்காரர் பகிடி பண்ணுவார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தப் பதினொரு பேரும் மாறி மாறிப் படுத்தது உன் கட்டிலில். நீ தொரினோவுக்குப் போகும் வரைக்கும் படுத்தது குசினியில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் விரித்த பாயில். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு கதவு இல்லை. ஒரு தடவையாவது உன்னை நான் கேட்டேனா? கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் உங்களை எத்னா மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விடிய எழும்பி உனக்குப் பானினோ கட்டித் தந்து, பள்ளிக்கூட வாசலில் பஸ் ஏற்றிவிட்டேன். யன்னல் பக்கம் இடம் பிடித்துக்கொண்டு எனக்குக் கை காட்டினாய். அந்த நேரம் பார்த்துச் சூசை அண்ணை மூச்சிரைக்க ஓடிவந்தார். அன்றைக்குத்தான் அவருக்குக் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், பெர்மெசோவுக்குத் தவணை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றவன் வரவில்லை, அவருக்கோ இத்தாலியன் ஒரு சொல் தெரியாது. நான் பஸ்ஸுக்குள் ஏறி உன்னை இறக்கினேன். ரீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தா. நீ அழவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு எட்டாமல் நுனிக்காலில் நின்றுகொண்டு, முதுகில் அந்தப் பையோடு, பொலிஸ்காரர் கேட்டதையெல்லாம் தமிழில் சொல்லி, சூசை அண்ணை சொன்னதையெல்லாம் இத்தாலியனில் சொன்னாய். ஒரு சொல் பிழைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று என் பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். மடைச்சி. நீ இன்றைக்கு வரைக்கும் எத்னாவைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அது என் பிழை. அதற்குச் சாட்டுச் சொல்ல மாட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் தம்பி, அதே சூசை அண்ணையை அனுப்பி இன்று நீ எங்களை மறிக்கிறாயே, அதை என்னவென்று சொல்ல? அன்று நான் உன்னைக் கையைப் பிடித்து இறக்கின மாதிரியே இன்று நீ எங்களை இறக்கப் பார்க்கிறாய். உன் அப்பாவும் உன்னை மாதிரியேதான், அழாமல் இறங்கிவிடுவார். ஒரு வீட்டில் ஒரு தடவை நடந்த அநியாயம் போதாதா?

கடைசி ஆள் பெட்டியோடு வெளியேறி, அந்த அறை உனக்கென்று காலியான வருடம்தான் உனக்குத் தொரினோவில் வேலை கிடைத்தது. உன் கட்டில் உனக்குக் கிடைத்தபோது நீ வீட்டில் இல்லை. அதனால்தான் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். இத்தனை பேருக்குக் கொடுத்த விலாசம் எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உனக்கு உள்ளே எரிகிறது. அது நியாயமான எரிச்சல். ஆனால் அதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே! சனம் என்றாய், வெட்கம் என்றாய், கக்கூஸ் தொட்டி என்றாய், நெஞ்சில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு நீயும் ஒரு தகப்பனாவாய். உன் பிள்ளையின் கட்டிலை மற்றவனுக்குக் கொடுக்க முன் அந்தப் பிள்ளையைக் கேள். நான் கெட்டுப் படித்த பாடம் அது. உனக்கு ஒன்று வேண்டுமென்றால் உன் வாயால் கேள், ஆள் வைத்துக் கேட்காதே. உன் பெஞ்சாதி, அந்தத் தமிழ் தெரியாத பிள்ளை, என்னோடு வீடியோவில் கதைக்கும்போது நேரே கேட்கிறாள், "வீட்டை விட்டுப் போகப் பயமாக இல்லையா?" என்று. பயம்தான் என்று அவளுக்குச் சொன்னேன். நீ அதைக்கூடக் கேட்கவில்லை.

ஆட்களின் பெயர்களை எப்படி எடுத்தேன் என்பதையும் கேள். பதினொரு பேரில் ஒன்பது பேரைப் போன வருடமே கூப்பிட்டு, பதிவை உங்கள் உங்கள் வீட்டுக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டு மாற்றினார்கள். சூசை அண்ணை எட்டு மாதம் இழுத்தடித்தார், அவரும் மாற்றினார். மற்ற இருவரும் ஒருவரிடமும் சொல்லாமல் ஜெர்மனிக்குப் போனவர்கள், போன் இல்லை, தொடர்பில்லை. அப்படிப்பட்ட ஆட்களின் பெயரை எடுக்கக் கொமூனேயில் ஒரு வழி இருக்கிறது. இந்த ஆள் இப்போது இந்த வீட்டில் இல்லை, எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர்கள் தேடிப்பார்த்து, ஆள் அகப்படவில்லை என்று பெயரை வெட்டிவிடுவார்கள். ஒரு வருடம் என் கையால் சோறு தின்ற இரண்டு பேருக்கும் அந்தத் தாளை ஒரு நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தேன்.

நேற்று உனக்கும் அதைச் செய்யத்தான் போனேன். ஓம், உன்னைக் கேட்காமல் போனேன். தாளைக் கொடுத்ததற்குப் பிரதி ஒன்று இருந்தாலே போதும், வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கலாம் என்று வாங்குகிறவர் சொல்லியிருந்தார். அவ்வளவு கோபத்தோடு போனேன். கந்தோரில் இருந்தவள் சின்னப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும். உன் பெயரை எழுதினாள், பிறந்த இடத்தை எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "மகன் இப்போது எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதா, சிஞ்ஞோரா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு சொல். அதைச் சொன்னால் வீடு விற்றாயிற்று, உன் அப்பா லாச்சியைத் திறந்து வரைபடத்தை வெளியே எடுத்துவிடுவார். என் வாயிலிருந்து வந்தது உன் தெருப் பெயர். பிறகு நான்காம் மாடி என்றேன். இடது பக்கக் கதவு என்றேன். லிப்ட் அடிக்கடி நின்றுவிடும் என்றேன். ஏழரைக்குத்தான் வேலையால் வருவான், வந்து சாப்பிடாமல் சோபாவிலேயே நித்திரையாகிவிடுவான் என்றேன். என்னால் நிறுத்த முடியவில்லை, தம்பி. அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் இந்தத் தாளை நான் எடுக்க முடியாது" என்று மெதுவாகச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன்னால் நான் அழுதேன். அதற்கும் சேர்த்து உன்மேல் எனக்குக் கோபம்.

ஆகவே உன் பெயரை என்னால் எடுக்க முடியாது. இது என் பலவீனம், உனக்கு இது நன்றாகத் தெரியும், இதை வைத்து என்னை மடக்காதே. வெள்ளிக்கிழமைக்கு முன் நீயே உன் கையால் எடு. பயப்படாமல் எடு. எந்தப் பதிவில் உன் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மா